பத்து எழுத்துக்கு விட்ட இடம்
கணக்கு யந்திரங்களின் சரித்திரம்: பதினேழாம் அத்தியாயம்

புனே நகரின் கிழக்கெல்லையில், முளா–முடா நதியின் வடகரையில் அமைந்த கராடியை ஒட்டிச் செல்லும் நகர் சாலை, வடகிழக்கே அகமதுநகரையும் அதற்கப்பால் ஔரங்காபாத்தையும் சென்று சேர்வதென்று நெடுங்காலமாக வழங்கிவந்தது. 2023-இல் ஔரங்காபாத் சத்ரபதி சம்பாஜிநகர் என்றும், 2024-இல் அகமதுநகர் அகில்யாநகர் என்றும் சர்க்கார் உத்தரவினால் பெயர் மாற்றம் பெற்றன. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இதனால் ஒரு மாறுதலும் இல்லை. அவற்றின் பதிவு எண்களில் அகமதுநகருக்குரிய 16-ம் ஔரங்காபாத்துக்குரிய 20-ம் அப்படியே நிலைத்திருக்கின்றன. ஆயினும் ஆங்கில லிபியில் எழுதிப் பார்த்தால், பழைய பெயர்கள் இரண்டும் சரியாகப் பத்துப் பத்து எழுத்துக்களால் ஆனவை என்பதும், புதுப் பெயர்களுள் ஒன்று 11 எழுத்துக்களுக்கும், மற்றொன்று நடுவில் விடும் இடைவெளியையும் சேர்த்து 25 எழுத்துக்களுக்கும் வளர்ந்துவிட்டன என்பதும் விளங்கும். மாவட்டத்தின் பெயருக்குப் பத்து எழுத்தே தாராளம் என்று கணித்து, அந்த அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்கிய பழைய தரவுத்தளம் எங்கேனும் உயிரோடு இருக்குமாயின், அதைப் பராமரிக்கும் உத்தியோகஸ்தருக்கு இந்த இரண்டு உத்தரவுகளும் ஆட்சி விவகாரங்களாக அல்ல, அளவு விவகாரங்களாகவே வந்து சேர்ந்திருக்கும்.

பெயருக்கு எவ்வளவு இடம் விடுவது என்னும் இந்தப் பிரச்னை கம்ப்யூட்டரைவிட வயதில் மூத்தது. ஹெர்மன் ஹாலெரித் 1890-ஆம் வருஷத்து அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்காக வகுத்த துளை அட்டை, 1928-இல் ஐ.பி.எம். ஸ்தாபனத்தாரின் கையில் 80 பத்திகளையுடைய நீள்சதுரத் துளை அட்டையாக உருப்பெற்று, அரை நூற்றாண்டுக் காலம் உலகத்துக் காரியாலயங்களையெல்லாம் ஆண்டதைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. ஆகவே ஓர் அட்டைக்கு 80 எழுத்துக்கள். அவற்றுள் முதல் ஆறு பத்திகள் சந்தாதாரரின் எண்ணுக்கும், அடுத்த இருபது அவருடைய பெயருக்கும், எஞ்சியவை தொகைக்கும் தேதிக்கும் என்று அட்டையின் மேல் கோடு கிழித்துப் பாகம் பிரித்துவிட்டால், பெயர் 21 எழுத்தாய் இருப்பவர் தம் கடைசி எழுத்தைத் துறக்க வேண்டியதுதான். ஐந்தெழுத்துப் பெயருடையவருக்கோ பதினைந்து பத்திகள் துளையின்றி வெறுமனே கிடக்கும். இந்தப் பாகங்களைத்தான் நம் பாடப் புத்தகங்கள் பிற்காலத்தில் ‘புலம்’ என்று அழைக்கலாயின. நீளம் முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட புலம் நிலைநீளப் புலம். உள்ளே வருவதன் அளவுக்கு ஏற்பக் குறுகவும் விரியவும் வல்லது மாறுநீளப் புலம்.

நிலைநீளத்தைச் சிக்கனத்தின் குழந்தை என்று பலர் எழுதிவருகிறார்கள்; எனக்கு அந்த அபிப்பிராயத்தில் உடன்பாடு இல்லை. சிக்கனமே நோக்கமாயிருந்தால், பதினைந்து இடங்களை வெற்றாக விடும் ஏற்பாட்டை எவர் விரும்பியிருப்பார்? நிலைநீளத்தின் உண்மையான பிரயோஜனம் விலாசக் கணிதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் 80 எழுத்து என்று ஏற்பட்டுவிட்டால், ஆயிரமாவது பதிவைக் காண்பதற்கு முதல் 999 பதிவுகளைப் படித்துப் பார்க்க வேண்டுவதில்லை. 999-ஐ 80-ஆல் பெருக்கினால் 79,920 என்று வருகிறது, அத்தனை எழுத்துக்களைக் கடந்து நின்றால் ஆயிரமாவது பதிவின் வாசலில் நிற்கிறோம். பெயர் ஏழாவது இடத்தில் தொடங்குகிறதென்றால், எல்லாப் பதிவுகளிலும் அது ஏழாவது இடத்தில்தான் தொடங்கும். தேடுதல் என்னும் வேலையை ஒரே ஒரு பெருக்கலாகச் சுருக்கிவிடும் இந்த அனுகூலத்துக்காகவே, வீணாகும் இடத்தை ஒரு வகை வரியாக எண்ணி, அந்தக் காலத்து யந்திர நிபுணர்கள் மனமறிந்து செலுத்திவந்தார்கள்.

இருந்தபோதிலும், மாறுநீளத்தை யந்திரத்தின் ஞாபகத்துக்குள்ளேயே குடியேற்றிப் பார்த்த ஓர் அபூர்வ முயற்சியும் நடந்தது என்பதையும், அந்த முயற்சிக்கு நம் தேசத்துச் சரித்திரத்தில் விசேஷமான ஓர் இடம் உண்டு என்பதையும் இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். 1959-இல் ஐ.பி.எம். வெளியிட்ட 1401 என்னும் கம்ப்யூட்டரில், ஞாபகத்தின் ஒவ்வோர் இடமும் ஆறு பிட்டுகளில் ஓர் எழுத்தைத் தாங்கியது. சரிபார்ப்புக்கான பிட் ஒன்று போக, ‘சொற்குறி’ என்று சொல்லத்தக்க மற்றொரு பிட்டும் அதில் இருந்தது. ஒரு புலத்தின் இடக்கோடி எழுத்தின்மேல் அந்தக் குறியை ஏற்றிவைத்துவிட்டால், யந்திரம் வலக்கோடியிலிருந்து இடப்புறமாக ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்து, குறியைக் கண்டதும் நின்றுவிடும். மூன்று இலக்கத் தொகையும் முப்பது இலக்கத் தொகையும் அதற்கு ஒன்றே; கூட்டல் செய் என்ற ஒரே கட்டளை இரண்டையும் கூட்டிக் கொடுக்கும். மிகப் பெரிய 1401-இலும் மொத்த ஞாபகம் 16,000 எழுத்துக்களுக்கு மேல் இல்லை, மிகச் சிறியதில் 1,400-தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஓர் இடம்கூட வீணாகாத அந்த ஏற்பாட்டின் சாதுரியம் புலப்படும்.

வெளிநாடுகளில் உபயோகித்துக் கழித்த 1401-களைப் புதுப்பித்து, இந்திய ஸ்தாபனங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் வியாபாரத்தை ஐ.பி.எம். பம்பாயில் நடத்திவந்ததும், ரயில்வே மண்டலங்கள் முதலிய பெரிய ஸ்தாபனங்கள் சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் போடுவதற்கு அவற்றையே நம்பியிருந்ததும் பிரசித்தம். ஆனால் இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். யந்திரத்தின் உள்ளே மாறுநீளம் செங்கோல் ஓச்சிற்றாயினும், வாசலில் வந்து நின்றது அதே 80 பத்தி அட்டைதான். ஆகவே குமாஸ்தா நிரப்பும் படிவத்தில், துளையிடும் பெண்மணியின் மேஜையில், அச்சாகி வெளிவரும் பட்டியலில், எங்கும் நிலைநீளமே ஆட்சி செய்தது. உள்ளே இருந்த சுதந்திரம் புரோகிராமருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது.

1401-க்கு நம் நாட்டில் நேர் எதிரியாய் நின்ற யந்திரம் புனேக்கு உரியது. இங்கிலாந்தில் ஐ.சி.டி. கம்பெனியார் 1964-இல் அறிவித்த 1900 வரிசைக் கம்ப்யூட்டர்கள், 24 பிட்டுகளைக் கொண்ட நிலைநீளச் சொற்களால் ஆனவை. ஒரு சொல்லில் ஆறு பிட் எழுத்துக்கள் நான்கு அடங்கும். ஆறு பிட்டுக்கு 64 வடிவங்களே உண்டாதலால், ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் எண்ணும் சில குறிகளும் போக, சிறிய எழுத்துக்கு அதில் இடமில்லை. புலத்தின் நீளம் நான்கின் மடங்காக இருந்தால் யந்திரத்துக்கும் சௌகரியம், புரோகிராமருக்கும் சௌகரியம். பெயருக்கு 20, 24, 28 என்ற அளவுகள் அந்த யந்திரத்தில் இயல்பாய்ப் பொருந்துவது இதனாலேயாம். 1968-இல் ஐ.சி.டி. மற்றொரு கம்பெனியுடன் இணைந்து ஐ.சி.எல். ஆயிற்று. அதன் இந்திய உற்பத்திக் கிளையாக, 1963-இலேயே புனேயில் தோன்றியிருந்த ஸ்தாபனந்தான் ஐ.சி.ஐ.எம். என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களால் வழங்கிய இன்டர்நேஷனல் கம்ப்யூட்டர்ஸ் இந்தியன் மானுஃபாக்சர். அந்த வரிசையைச் சேர்ந்த 1901ஏ என்னும் யந்திரம் புனேத் தொழிற்சாலையில் உருவாயிற்று. அந்நியச் செலாவணிச் சட்டத்தை முன்னிட்டு எழுந்த பங்கு விகித நிபந்தனைக்கு உடன்படாமல் ஐ.பி.எம். 1978-இல் தேசத்தை விட்டுப் போனபோது, ஐ.சி.எல். அந்த நிபந்தனைக்கு இசைந்து தங்கிவிட்டது. பின்னாளில் யந்திரம் செய்வதை விடுத்து, மென்பொருளையே தொழிலாகக் கொண்டு, 2000-ஆம் வருஷத்தில் ஜென்சார் என்று பெயர் மாறிய ஸ்தாபனம் இந்த வம்சத்தில் வந்ததே. அதன் வளாகம் அமைந்திருப்பது கராடியில்.

கோபால் என்னும் வணிகக் கணக்கு மொழி 1959-இல் ஒரு கமிட்டியால் வகுக்கப்பட்டபோது, அட்டையின் பத்திகள் அதற்குள் அப்படியே குடிபுகுந்தன. பெயருக்கு முப்பது இடம் வேண்டுமென்றால், எக்ஸ் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 30 என்று போட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு இலக்கம் என்றால் இரண்டு ஒன்பதுகள். பதிவின் மொத்த நீளம் இவற்றின் கூட்டுத்தொகை. இந்த ஏற்பாட்டில் ஒரு புலத்தை இரண்டு இடம் நீட்டினால், அதற்குப் பின்வரும் புலங்கள் எல்லாம் இரண்டு இடம் தள்ளிப்போகும். அந்தப் பதிவைப் படிக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் திருத்தித் திரும்பத் தொகுக்க வேண்டும். சேமித்து வைத்த பழைய நாடாக்களையெல்லாம் புது நீளத்துக்குப் படியெடுக்க வேண்டும். 1999-ஆம் வருஷத்தில் உலகத்தைக் கலக்கிய இரண்டாயிரத்தாம் ஆண்டுப் பிரச்னையை, வருஷத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் விட்ட அஜாக்கிரதை என்று பத்திரிகைகள் வர்ணித்தன. அஜாக்கிரதை ஒருபுறம் இருக்கட்டும். அந்த இரண்டு இலக்கத்தை நான்காக்குவது ஏன் அத்தனை செலவான காரியமாயிற்று என்பதற்கு விடை, நிலைநீளத்தின் இந்தத் தொடர்விளைவில் இருக்கிறது. இந்திய மென்பொருள் ஸ்தாபனங்கள் பலவற்றுக்கு மேல்நாட்டுக் கதவு திறந்தது அந்தத் திருத்த வேலையினால்தான் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

டிபேஸ் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984-இல் வெளிவந்த டிபேஸ் மூன்றும் அதன் வழியே வந்த ஃபாக்ஸ்ப்ரோவும், நம் ஊர்த் தட்டெழுத்துப் பயிற்சிக் கூடங்கள் கம்ப்யூட்டர் வகுப்புக்களாக உருமாறிய நாட்களில் ஒரு தலைமுறைக்கே தரவுத்தளத்தைக் கற்பித்தன. அவற்றில் எழுத்துப் புலத்துக்கு உச்ச அளவு 254. புலத்தின் பெயருக்கே பத்து எழுத்துத்தான். ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு, பதிவை நீக்கும்போது அங்கே ஒரு நட்சத்திரக் குறி இடுவார்கள். பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும், கணிதம் பிசகாது. நீண்ட குறிப்புகளை எழுத வேண்டுமானால் ‘மெமோ’ என்று வேறொரு கோப்பு; பதிவுக்குள் இருப்பது அந்தக் கோப்பின் இன்ன இடம் என்று சுட்டும் பத்து எழுத்து மட்டுமே. சுட்டுவதற்கும் நிலைநீளந்தான்!

மாறுநீளம் தட்டில் நிலையாகக் கால் ஊன்றுவதற்கு, விலாசத்தைக் காணும் முறையே மாற வேண்டியிருந்தது. எட்கர் காட் 1970-இல் தம் பிரசித்தி பெற்ற கட்டுரையில், தரவை உபயோகிப்பவர் அது தட்டில் எந்த வரிசையில் கிடக்கிறதென்பதை அறிய வேண்டிய அவசியமே இருத்தலாகாது என்று வாதித்தார். அந்தக் கொள்கையைக் காரியத்தில் காட்டிய தரவுத்தளங்கள், தட்டைச் சம அளவுள்ள பக்கங்களாக வகுத்தன. ஒரு பக்கம் பெரும்பாலும் நான்காயிரம் அல்லது எட்டாயிரம் பைட்டுகளுக்குச் சற்று மிகுதி. பக்கத்தின் ஒரு முனையில் சிறியதோர் அட்டவணை. மறு முனையிலிருந்து பதிவுகள் அடுக்கப்பட்டு வரும். இன்ன பதிவு இன்ன இடத்தில் தொடங்குகிறதென்று அட்டவணை சொல்லும். பதிவுக்குள்ளேயும், ஒவ்வொரு மாறுநீளப் புலத்துக்கு முன்னால் அதன் நீளத்தை ஒன்று அல்லது இரண்டு பைட்டுகளில் எழுதிவைப்பார்கள். பெருக்கல் போய், அட்டவணையைப் பார்க்கும் வழக்கம் வந்தது. நிலைநீளத்தின் மூல காரணம் இத்துடன் மறைந்தது. காரணம் மறைந்த பின்னும் வழக்கம் மறையவில்லை என்பதே இதற்குப் பிந்திய சரித்திரம் முழுவதும்.

மாறுநீளத்துக்கும் ஒரு விலை உண்டு. முதலில் ‘ரா. ராமன்’ என்று மட்டும் எழுதப்பட்ட பதிவில், பிறகு யாரோ முழுப் பெயரையும் மூன்று வரி விலாசத்தையும் சேர்த்தால், அந்தப் பதிவு தன் பக்கத்தில் அடங்காமல் போகலாம். அப்போது தரவுத்தளம் அதை வேறு பக்கத்துக்கு எடுத்துச் சென்று, பழைய இடத்தில் புது விலாசத்தை மட்டும் எழுதிவைக்கும், வீடு மாறியவர் தபாலாபீசில் விலாச மாற்றம் எழுதிக் கொடுப்பதைப் போல. இப்படிப்பட்ட பதிவுகள் பெருகினால், ஒன்றைப் படிக்க இரண்டு பக்கங்களைத் திருப்ப வேண்டிவரும். இதைத் தவிர்க்கவே ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்கள், பிற்கால வளர்ச்சிக்கென்று ஒவ்வொரு பக்கத்திலும் பத்தில் ஒரு பங்கு இடத்தை, வேறு விதமாக உத்தரவிடாவிட்டால், காலியாகவே விடுகின்றன. வீணாகும் இடம் என்னும் பழைய வரி முற்றும் ஒழிந்துவிடவில்லை. புலத்துக்குப் புலம் கட்டிவந்ததைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டுகிறோம்.

சட்ட நூல் எழுதுபவர்கள் நடைமுறைக்குப் பின்னால் வருவது எத்துறையிலும் வழக்கம். தரவுத்தளங்களோடு பேசுவதற்கான எஸ்.கியூ.எல். மொழிக்கு 1986-இல் ஏற்பட்ட முதல் தரநிர்ணயத்தில் எழுத்துப் புலம் என்றால் ‘சார்’ என்னும் நிலைநீளப் புலம் ஒன்றுதான்; ‘வார்ச்சார்’ என்னும் மாறுநீளப் புலத்துக்கு அந்த நூலில் இடம் கிடைத்தது 1992-இல். அதற்குள் வியாபாரிகள் அவரவர் மனம்போனபடி வழி வகுத்துக்கொண்டிருந்தார்கள். ஆரக்கிளின் ஆறாம் பதிப்பு வரையில் ‘சார்’ என்று எழுதினாலும் உள்ளே நடந்தது மாறுநீளமே. 1992-இல் வந்த ஏழாம் பதிப்பில், தரநிர்ணயத்துக்கு இணங்க ‘சார்’ உண்மையாகவே நிலைநீளமாயிற்று. பழைய குணத்துக்கு ‘வார்ச்சார்2’ என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. முதல் வார்ச்சாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள்: அதுவும் இருக்கிறது, இரண்டும் இப்போதைக்கு ஒன்றே, ஆயினும் பிற்காலத்தில் அதன் பொருள் மாறக்கூடுமாதலால் அதை உபயோகிக்க வேண்டாம் என்று கம்பெனியின் கையேடு அன்றுதொட்டு எச்சரித்துவருகிறது. அந்தப் பிற்காலம் முப்பது வருஷங்களுக்கு மேலாகியும் வந்தபாடில்லை.

இந்த மாறுதலால் விளைந்த ஒரு நுட்பமான தொல்லையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தரவுத்தள வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்துத் தலையசைப்பார்கள். பத்து இடமுள்ள நிலைநீளப் புலத்தில், ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தான ராமனின் பெயரை எழுதினால், பின்னால் ஐந்து வெற்றிடங்கள் தாமாகவே சேர்ந்து பத்தாகும். திரையின் முன் உட்கார்ந்து, ராமன் என்ற பெயருள்ள பதிவைக் காட்டு என்று நேராக எழுதிக் கேட்டால், ஆரக்கிள் அந்தச் சொல்லையும் நிலைநீளமாகவே பாவித்து, வெற்றிடங்களைப் பொருட்படுத்தாமல் ஒப்பிட்டுப் பதிவைக் காட்டிவிடும். அதே கேள்வியை ஒரு புரோகிராம், மாறுநீள வகையைச் சேர்ந்த மாறியின் வாயிலாகக் கேட்கும்போது, வெற்றிடங்களும் எழுத்துக்களாகவே எண்ணப்படும். ஐந்தெழுத்தும் பத்தெழுத்தும் சமமல்ல. ஆகையால் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வரும். கண்ணுக்கு எதிரே இருக்கும் ராமனை இல்லையென்று சாதிக்கும் யந்திரத்தின் முன், இரவு வேலை முறையில் அகப்பட்ட இளைஞர்கள் படும் பாடு சொல்லத் தரமன்று. சொற்களின் ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிடும் ‘ட்ரிம்’ என்ற கட்டளையைக் காரணம் புரிந்தோ புரியாமலோ எங்கும் தூவிவைக்கும் பழக்கம், பழைய புரோகிராம்களில் மலிந்து கிடப்பதன் பூர்விகம் இதுவே.

மைசீக்வல் என்னும் இலவசத் தரவுத்தளத்தில் 2005 வரையில் வார்ச்சாருக்கு உச்ச வரம்பு 255 ஆக இருந்தது. நீளத்தை எழுதும் ஒரே ஒரு பைட்டில் பூஜ்யம் முதல் 255 வரையில்தான் எழுத முடியும் என்பதே அதன் காரணம். வரம்பு 65,535 ஆக உயர்ந்து இருபது வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் புதிதாக ஒரு புலத்தை வகுப்பவர், என்ன வரப்போகிறதென்று யோசியாமல் 255 என்று எழுதுகிறார். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளமோ வேறு வழியில் சென்று, நிலைநீளமானாலும் மாறுநீளமானாலும் வரம்பே இல்லாத ‘டெக்ஸ்ட்’ ஆனாலும் உள்ளே ஒரே விதமாகச் சேமித்து, இவற்றிடையே வேகத்தில் வித்தியாசமில்லை என்றும், வெற்றிடங்களை நிரப்புவதால் நிலைநீளமே மூன்றிலும் மெதுவானதாக இருப்பது வழக்கம் என்றும் தன் கையேட்டிலேயே அறிவித்துவிட்டது. பெருக்கல் கணிதத்துக்காகப் பிறந்த ஒரு வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான இரங்கற்பா கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

அப்படியானால் நிலைநீளம் எதற்குமே உதவாது என்பதில்லை. வருமான வரியாரின் பான் எண்ணுக்குப் பத்து எழுத்து, வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டுக்குப் பதினொன்று, 1972 ஆகஸ்டு 15-இல் அமலுக்கு வந்த அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு இலக்கம், ஆதாருக்குப் பன்னிரண்டு: இவையெல்லாம் ஒரு ஸ்தாபனம் தானே படைத்து, தானே நீளத்தை நிர்ணயித்தவை. ஓர் இலக்கம் குறைந்தாலும் கூடினாலும் அது பிழையென்று உடனே தெரிந்துவிடும். அங்கே நிலைநீளம் காவற்காரனாக நின்று பயன் தருகிறது. மனிதர்கள் தங்கள் குழந்தைகளுக்கும் ஊர்களுக்கும் இடும் பெயர்களின்மேல் எந்த ஸ்தாபனத்துக்கும் அந்த உரிமை கிடையாது. 2019-இல் சென்னை சென்ட்ரல் நிலையம் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் என்று நீண்ட பெயர் பெற்றபோது, ரயில்வேயின் குறியீடு பழைய மதராஸின் மூன்றெழுத்தாகவே நின்றதையும், புனே வழியாக மும்பை செல்லும் வண்டிகள் யாதொரு தடங்கலுமின்றி அந்தக் குறியீட்டிலிருந்தே புறப்பட்டதையும் பார்க்கும்போது, பெயரையும் குறியீட்டையும் பிரித்துவைத்தவர்களின் தீர்க்கதரிசனம் மெச்சத்தக்கதாகவே இருக்கிறது. ஆனால் அதே ரயில்வே, பிரயாணியின் விஷயத்தில் அந்தத் தாராளத்தைக் காட்டவில்லை. முன்பதிவுப் படிவத்தில் பெயருக்குரிய பத்தியின் தலையில், பதினைந்து எழுத்துக்களுக்கு மேற்படலாகாது என்று அச்சிட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். மீனாட்சிசுந்தரம் என்பவர் ஆங்கிலத்தில் பதினேழு எழுத்து; அவருடைய இனிஷியலுக்கு இடமில்லாதது மட்டுமல்ல, கடைசி இரண்டெழுத்தையும் இழந்து அவர் மீனாட்சிசுந்தராகப் பிரயாணம் செய்ய வேண்டும்.

கராடிக்கு மீண்டும் வருவோம். ஈ.ஓ.என். வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் எழுந்த கண்ணாடி மாளிகைகளில், பிரிட்டனையும் ஸ்விட்சர்லாந்தையும் அமெரிக்காவையும் சேர்ந்த பெரிய வங்கிகளின் சேவை நிலையங்கள் இயங்குகின்றன. உலகத்தின் பணம் கைமாறும் செய்திகளைப் பராமரிக்கும் வேலை அவற்றுள் முக்கியமானதொன்று. வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்புவதற்காக 1973-இல் பெல்ஜியத்தில் தோன்றி, 1977-இல் செயற்படத் தொடங்கிய ஸ்விஃப்ட் அமைப்பு, டெலக்ஸ் யுகத்தின் வாரிசு. பணம் அனுப்புபவரின் பெயரும் விலாசமும் சேர்ந்து நான்கு வரிகளில், வரிக்கு 35 எழுத்துக்கு மிகாமல் அடங்க வேண்டும் என்று அதன் செய்தி வடிவம் விதித்தது. பெயர் நீண்டால் விலாசத்துக்குரிய வரியில் வழியும். விலாசம் நீண்டால் ஊரின் பெயர் வெட்டுண்ணும். எது பெயர், எது தெரு என்று யந்திரம் பிரித்தறிய வழியில்லை. தடை செய்யப்பட்ட நபர்களின் பட்டியலோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட வேண்டும் என்ற சட்டம் கடுமையான பிறகு, இந்த அரைகுறைப் பெயர்கள் வங்கிகளுக்குப் பெரும் தலைவலியாயின. ஐ.எஸ்.ஓ. 20022 என்னும் புதிய செய்தி முறையில் பெயருக்கு மட்டுமே 140 எழுத்து வரையில் இடமும், தெருவுக்கும் ஊருக்கும் அஞ்சல் குறியீட்டுக்கும் தனித்தனிப் புலங்களும் ஏற்பட்டன. நம் ரிசர்வ் வங்கி தன் ஆர்.டி.ஜி.எஸ். முறையை 2013-இலேயே அந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டது. சர்வதேசப் பணச் செய்திகளுக்கு அது 2023 மார்ச்சில் தொடங்கி, பழைய வடிவமும் புதியதும் அருகருகே ஓடிய இடைக்காலம் 2025 நவம்பரில் முடிந்தது.

மாறுநீளம் எட்டிப் பார்க்கவே முடியாத இடமும் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டின் அடியில் யந்திரம் படிப்பதற்கென்று அச்சிடும் இரண்டு வரிகள் ஒவ்வொன்றும் 44 எழுத்து. முதல் வரியில் ஆவணக் குறியும் தேசக் குறியும் ஐந்து இடங்களைக் கொள்ள, பெயருக்கு எஞ்சுவது 39. நிரம்பாத இடங்களில் கோணக் குறிகளை அடுக்குவார்கள். காகிதத்தின் அகலம் நிலையானதாக இருக்கும் வரையில் அங்கே வேறு வழியில்லை.

இதுவரை எழுத்து என்று நாம் எண்ணியதெல்லாம் ஆங்கில எழுத்து. தமிழில் எழுதத் தொடங்கியவுடன், எண்ணுவது எதை என்ற கேள்வி எழுகிறது. மீனாட்சிசுந்தரம் என்ற பெயரைப் பள்ளிப் பிள்ளை எண்ணினால் ஒன்பது எழுத்து. யூனிகோடு முறையில் மெய்யின்மேல் ஏறும் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக் குறிகளாதலால், அது பதினாறு குறி. 1992-இல் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டியிருப்பதால், தட்டில் அதன் இடம் 48 பைட். ஒரே பெயருக்கு 9, 16, 48 என்று மூன்று நீளங்கள்! ஆரக்கிளில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வார்ச்சார்2-க்கு முப்பது என்று எழுதுவது முப்பது பைட்டையே குறிக்கும்; பத்துக் குறிகளில், அதாவது ‘மீனாட்சிசு’ என்பதோடு, அந்த இடம் தீர்ந்துவிடும்; முழுப் பெயரையும் எழுதப் போனால் தரவுத்தளம் ஏற்க மறுக்கும். போஸ்ட்கிரஸ் அதே முப்பதைக் குறிகளின் எண்ணிக்கையாகக் கொள்வதால், அங்கே பெயர் முழுவதும் அடங்கி இடம் மிஞ்சும். ஆங்கிலத்தில் சோதித்து, எல்லாம் சரியென்று கையொப்பமிட்ட தரவுத்தளம், தமிழ்ப் பெயர் வந்து சேர்ந்த முதல் நாளில் பிழை காட்டுவதற்கு அநேகமாக இந்த வித்தியாசமே ஹேது.

நிலைநீளம் என்ற கொள்கைக்கே இதனால் ஒரு விபரீதம் நேர்ந்திருக்கிறது. மைசீக்வலில் இன்று வழக்கமாய் உள்ள சேமிப்பு முறையில், யூனிகோடு எழுத்துக்கென்று பதினாறு இடமுள்ள ‘சார்’ புலம் ஒன்றை வகுத்தால், ஆங்கிலத்து ராமனுக்கு அது பதினாறு பைட்டையும் மீனாட்சிசுந்தரத்துக்கு 48 பைட்டையும் எடுத்துக்கொள்கிறது. பட்டயத்தில் நிலைநீளம் என்று எழுதியிருக்க, தட்டில் நடப்பது மாறுநீளமே. எழுத்தே மாறுநீளமாகிவிட்ட பிறகு, எழுத்துக்களால் ஆன புலம் எப்படி நிலைத்து நிற்கும்? ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியாக ஒரு குறி கொடுத்து, எழுத்து ஒன்றுக்குப் பதினாறு பிட் என்று நிர்ணயித்தால் எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் எளிதாகிவிடும் என்று வாதித்தவர்களின் முயற்சி, 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுக்குத் துணைத் தரமாக ஏற்றுக்கொண்ட டேஸ்-16 என்னும் முறையாய் வெளிவந்தது. அதில் மீனாட்சிசுந்தரம் ஒன்பது எழுத்தாகவும் பதினெட்டு பைட்டாகவும் அடங்குகிறார். எதிர்க் கட்சியின் மூதாதை இருப்பதும் இதே புனேயில்தான்: 1988-இல் இங்கே ஸ்தாபிதமான சி-டாக் நிறுவனம் வளர்த்துப் பரப்பிய, 1991-இல் இந்தியத் தரநிர்ணயமாகிய இஸ்கீ முறையில், ஒரு குறிக்கு ஒரு பைட்டாக, அந்தப் பெயர் பதினாறு பைட்டில் முடிந்தது. யூனிகோடு தன் இந்திய லிபிகளின் அமைப்பை இஸ்கீயிடமிருந்தே பெற்றுக்கொண்டதாதலால், இந்த இரண்டு கட்சிகளின் விவாதத்தையும் புனேயின் கணேஷ்கிண்ட் பகுதியிலிருந்து தொடங்கி அடுத்த அத்தியாயத்தில் சொல்ல உத்தேசம்.

(தொடரும்)